சிறுநீரும் ஒரு சின்னப் பொய்யும்

முதல் சந்திப்பென்றால் மழை பெய்யணும், கண்ணோடு கண் மோதணும்... மழை என்னவோ பெய்தது. மோதியதுதான் வேறு. பரிசோதனைக்கூட வாசலில் அவள் தோளும் அவன் கையும் இடித்து, மூடி சரியாகத் திருகாத பாட்டில் அவள் வெள்ளைக் கோட்டில் கவிழ்ந்தது.

அவன் பழத்தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கிறவன். பாட்டிலில் என்ன இருந்தது என்று சொல்லவும் வேண்டுமா? அவன் முழித்த முழியில் அவள் கோபம் பாதியாகிவிட்டது. கண் என்னவோ பாவிக்கு அழகுதான்... இன்னொரு பாட்டில் கொடுத்து, நிரப்பிக்கொண்டு வரச் சொன்னாள்.

சிறுநீரில் மருந்தின் மிச்சத்தைத் தேடுவது அவள் வேலை. தட்டிலுள்ள சின்னக் குழிகளில் ஆன்டிபாடி என்ற புரதம் ஒட்டியிருக்கும். மருந்தைக் கண்டால் கப்பென்று பிடித்துக்கொள்ளும். பிறகு நிறம் ஏற இடம் இருக்காது. மருந்து இல்லையென்றால் குழி நல்ல மஞ்சளாகும், இருந்தால் வெளிறிப்போகும். அவனுடையது வெளிறிப்போனது. தோட்டத்தில் அவனைப் பழம் அடுக்கும் வேலைக்கு மாற்றி, அளவு இறங்கும்வரை வாராவாரம் சோதனைக்கு அனுப்பினார்கள்.

சட்டை தேய்த்து, தலை வாரி, பாட்டிலும் கையுமாக மாப்பிள்ளை கணக்காக வந்தான். அவளும் அந்தக் கிழமையில் மட்டும் கண்ணாடியைக் கூடுதலாகப் பார்த்துக்கொண்டாள். ஆனால் அளவு இறங்கவே இல்லை. மருந்துப் பக்கமே போகாதவனுக்கு எங்கிருந்து ஏறுகிறது? கேட்டால் தெரியலைங்க என்று தரையைப் பார்த்தான். இந்த மனுஷனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்...

கடைசியில் ஒருநாள் அவன் கொண்டுவந்ததை வாங்காமல், இங்கேயே போய்க் கொடுங்கள் என்று காலி பாட்டிலை நீட்டினாள். திருதிருவென்று விழித்தவன், வேறு வழியில்லாமல் கொடுத்தான். குழி பளிச்சென்று மஞ்சளானது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. அடுத்த நொடி மண்டையில் உறைத்தது.

"அப்போ இத்தனை வாரமா கொண்டுவந்தது யாரோடது?"

"அத்தானோடது..." என்றான். அக்கா புருஷன், வேறொரு தோட்டத்தில் மருந்தடிக்கிறவர், அங்கே சோதனை கிடையாது. "என்னோடது சுத்தமாயிட்டா, இங்க வர்றதுக்குக் காரணம் இருக்காதுல்ல..."

அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை. "உங்க அத்தான் உடம்புல மருந்து ஏறிக்கிட்டே இருக்கு. அதை யோசிச்சீங்களா?"



மறுநாளே அத்தானைக் கையோடு இழுத்து வந்தான். மைத்துனன் எதற்குத் தன்னிடம் கெஞ்சிக் கெஞ்சி பாட்டிலை வாங்கினான் என்பது அந்த மனிதருக்கு அவளைப் பார்த்ததும்தான் புரிந்தது, தலையில் அடித்துக்கொண்டார். அவரை டாக்டரிடம் அனுப்பி, மருந்தடிப்பதை நிறுத்தச் சொல்லி, எல்லாம் செய்தாள். அவனிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவன் போகாமல் வாசலிலேயே நின்றான்.

"அறிவில்லாம பண்ணிட்டேன். உங்களைப் பிடிச்சுப்போச்சு... சொல்ல தைரியம் இல்ல."

"உங்களுக்கு என்னமோ ஆகப்போகுதுன்னு நான் எத்தனை ராத்திரி தூங்கல, தெரியுமா..." அவள் குரல் உடைந்தது. "பிடிக்காதவனுக்காக யாராவது தூக்கத்தைக் கெடுத்துப்பாங்களா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்குச் சாயந்திரம் வாங்க. பாட்டில் இல்லாம வாங்க."