ஹசிந்தோ வைத்த கல்

கல் சூடாக இருந்தது. கணவாய் உச்சியில் காற்று மூக்கை அறுத்துக்கொண்டிருந்தது; கல்மேட்டில் மற்ற கல்லெல்லாம் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும் குளிர். மேலே இருந்த ஒன்று மட்டும், யாரோ இப்போதுதான் மடியிலிருந்து எடுத்து வைத்த மாதிரி கதகதவென்று இருந்தது. குறுக்கே சிவப்புக் கோடு. ஹசிந்தோவின் கல்தான். காலையில் ஆற்றங்கரையில் பொறுக்கும்போதே எல்லோரிடமும் காட்டிப் பீற்றிக்கொண்டான்.

எங்கள் மலையில் ஏறுகிறவன் கீழிருந்து ஒரு கல் கொண்டுவருவான். உச்சியில் அதில் மூச்சை ஊதிக் கல்மேட்டில் வைத்துவிட்டால் உடம்புச் சோர்வு கல்லோடு நின்றுவிடும். அடுத்தவன் கல்லை யாரும் தொடமாட்டார்கள். கீழே தள்ளினால் சோர்வு எழுந்து வைத்தவனைத் தேடிப் போகும் என்பார்கள். எலாடியோ இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. நம்பாதவன் கை ஹசிந்தோவின் கல்லுக்கு ஏன் போனது?

அறுபது வயதுக்கு மேல் முதலில் ஓட ஆரம்பித்தது எலாடியோதான். உவராஸ் டவுனில் மினி பஸ் ஓட்டி வீங்கின முழங்காலோடு, ஊர் பார்த்துச் சிரிக்க, மலைப்பாதையில் தனியாக ஓடினான். அதிகம் சிரித்தவன் ஹசிந்தோ. எலாடியோவின் மகனுக்கு அவன் ஞானத்தகப்பன், அந்த முறையில் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்று கூப்பிடுவார்கள். சிரித்தவனே பிறகு ஷூ வாங்கினான். இந்த ஐந்து நாள் மலை ஓட்டப் போட்டியில் தினமும் அவன் முந்தி. எலாடியோ கடைசி; அவனுக்குப் பின்னால் ஆளே கிடையாது. போட்டோ பிடிக்கிற பெண்கூட ஹசிந்தோவைத்தான் கட்டிப்பிடித்தாள். காலையில் கிளம்பும்போது எல்லோர் முன்னாலும் சொன்னான்:

"நான் போயி உனக்கும் சேத்து சூப்பு ஆத்தி வைக்கிறேன், கொம்பாத்ரே. நீ விடியறதுக்குள்ள வந்து சேரு."

எலாடியோ அந்தக் கல்லைப் பள்ளத்தில் எறிந்தான். விழுந்த சத்தம் வரவில்லை. தன் கல்லை அந்த இடத்தில் வைத்தான்.

இறக்கத்தில் மூடுபனி ஈரக் கம்பளி மாதிரி முகத்தில் உரசியது, காய்ந்த புல்லும் லாமா சாணமும் நாறின, கால் வைத்த இடமெல்லாம் சரளை சரசரவென்று வழிந்தது. அவன் நின்றால் சரளைச் சத்தமும் நிற்க வேண்டும். நிற்கவில்லை. பின்னால் ஒரு காலை இழுத்து இழுத்து யாரோ இறங்கி வந்தார்கள்.

"கொம்பாத்ரே, மெதுவா போ. கால் கனக்குது."

ஹசிந்தோவின் குரல். எலாடியோவுக்கு முதலில் வந்தது பயமில்லை, சந்தோஷம். பனியில் வழி தவறிப் பின்தங்கிவிட்டான். இன்றைக்கு நான் முந்தி. திரும்பிப் பார்க்காமல் வேகத்தைக் கூட்டினான். குரல் விடவில்லை. கொஞ்சம் நில் என்றது. தண்ணீர் கேட்டது. அவன் பையில் தண்ணீர் இருந்தது. கொடுக்கவில்லை.

முகாமில் சமையல்கார நீவெஸ் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஹசிந்தோவை முந்திவிட்டதாக எலாடியோ மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான். அவள் கரண்டியை நிறுத்தினாள்.

"யாரை முந்துனீங்கண்ணே? அவரு மத்தியானமே வந்துட்டாரு. கேலி பேசிக்கிட்டே இருந்த மனுஷன், திடீர்னு கால் கனக்குதுன்னு போய்ப் படுத்துட்டாரு."

இருவருக்கும் ஒரே கூடாரம். எலாடியோ உள்ளே போய் ஜிப்பை இழுத்து மூடினான். ஹசிந்தோ மல்லாந்து கிடந்தான். கண் திறந்திருந்தது. கன்னத்தைத் தொட்டான். கல்மேட்டுக் குளிர். மூச்சு இல்லை.

ஆனால் கால்கள்.

தூக்கப் பைக்குள் இரண்டு கால்களும் ஓடிக்கொண்டிருந்தன. நிதானமாக. மலை ஏறுகிறவன் கால் மாதிரி.

வெளியே சரளைச் சத்தம். இழுத்து. இழுத்து. கூடாரத்தின் முன்னால் நின்றது.

ஜிப் மெல்ல மேலே போனது. ஈரமான கை ஒன்று உள்ளே நீண்டது. சிவப்புக் கோட்டுக் கல்லை எலாடியோவின் மடியில் வைத்தது.

சூடாக இருந்தது.

பைக்குள் ஹசிந்தோவின் கால்கள் நின்றன.

எலாடியோவின் கால்கள் ஆரம்பித்தன.