கீழே விடாத கிணறு

மூன்றாவது முறையும் கிணறு தேவிப்ரியா அக்காவை மேலே தள்ளிவிட்டது.

எழிலரசி எட்டிப் பார்த்தாள். கறுப்புத் தண்ணீரில் கறுப்பு ரப்பர் உடை, முகத்தில் கண்ணாடி, முதுகில் காற்று சிலிண்டர். ஆள் என்றே சொல்ல முடியாத ஓர் உருவம் சத்தமில்லாமல் மிதந்தது. பட்டப்பகலிலும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

"நான் அப்பவே சொன்னேன். உள்ள இன்னாவோ இருக்குது. யாரையும் கீழ வுடாது," என்றார் ராஜமாணிக்கம் பெரியப்பா. சொல்லிவிட்டு அவரே இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

கயிறு அறுந்து விழுந்த நீர்மூழ்கி மோட்டார் கிணற்றின் அடியில் கிடந்தது. வேர்க்கடலைச் செடிகள் ஒரு வாரமாகத் தண்ணீரையே பார்க்கவில்லை.

"இன்னும் ரெண்டு நாள் போனா மல்லாட்டை மொத்தமும் காஞ்சிடும்," என்று காலையில் சொன்னபோது அப்பாவின் குரல் உடைந்துவிட்டது. அதனால்தான் புதுச்சேரியில் கடலுக்கடியில் நீந்தப் பழகும் பக்கத்து ஊர் வேங்கிக்கால் தேவிப்ரியா அக்காவை வரவழைத்தார்கள்.

அக்கா படியேறி வந்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஒண்ணும் புரியலங்க. இடுப்புல நாலு கிலோ ஈயம் கட்டியிருக்கேன். கடல்லயே இது போதும். நல்ல தண்ணியில இன்னும் சுலபமா முழுகணும். இங்க யாரோ அடியிலேர்ந்து தள்றாப்பல இருக்குது. நான் கிளம்பறேன்."

கிணற்றுக்குள் 'களுக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

போகாதே என்று எழிலரசி அக்காவின் கையைப் பிடித்தாள். உடை தடிமனாக இருந்தது. மெத்தைபோல அமுங்கி, விட்டதும் உப்பியது.

"கடல்லயும் இதான் போட்டுப்பியா அக்கா?"

"இல்ல, அது மெல்லிசு. கெணத்து அடியில ஜில்லுனு இருக்கும்னு இத இரவல் வாங்கியாந்தேன்."

"இதுக்குள்ள காத்து இருக்குதா?"

"ஆமா, ரப்பருக்குள்ள பொடிப்பொடியா..." அக்கா பாதியில் நிறுத்தினாள்.

"நீச்சல் கத்துக்கிறப்ப எங்க முதுகுல காலி கேன் கட்டுவாங்க. முழுகவே முடியாது. நீ உடம்பு முழுக்க கேன் கட்டினு எறங்குறியே அக்கா!"

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "தடிசு போட்டா ஈயமும் ஜாஸ்தி கட்டணும். படிச்சதுதான். பயத்துல மறந்துட்டேன்!"

எழிலரசி ஓடிப்போய் மல்லாட்டை நிறுக்கும் இரண்டு எடைக்கற்களைத் தூக்கிவந்தாள். அக்கா அவற்றை அப்பாவின் துண்டில் சுற்றி, இழுத்தால் அவிழும் முடிச்சுப் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

மோட்டாரில் கட்ட ஒரு புதுக் கயிற்றின் நுனியையும் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இந்த முறை கிணறு தள்ளவில்லை. கறுப்பு உருவம் மெல்ல இறங்கி மறைந்தது. குமிழிகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. பிறகு அவையும் நின்றன.

எழிலரசி கிணற்று விளிம்பில் குனிந்தாள். கல் கொடுத்தது அவள்தானே!

"அக்கா!" என்று கத்தினாள்.

"அக்கா..." என்றது கிணறு.

கயிறு மூன்று முறை அசைந்தது. அப்பாவும் பெரியப்பாவும் மூச்சுப்பிடித்து இழுத்தார்கள். சேறு வழிய மோட்டார் மேலே வந்தது. பின்னாலேயே அக்காவும் வந்தாள். எழிலரசி ஈர உடையோடு அவளைக் கட்டிக்கொண்டாள்.

"பாறை இடுக்குல கெடந்துச்சு. என் குமிழியெல்லாம் பாறைக்கடியிலயே மாட்டிக்கிச்சு. மேல வர்றதுக்கு அந்தத் துண்ட அவுத்து வுட்டுட்டேன்."

"என் எடைக்கல்லு?" என்றார் அப்பா.

"அத மட்டும் கெணறு தள்ளாதுப்பா," என்றாள் எழிலரசி.

சாயங்காலம் வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்தது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு முதல் ஆளாக அதில் இறங்கி நின்றவர் ராஜமாணிக்கம் பெரியப்பாதான்.