ரெண்டு மணி பில்ட்

செத்துப்போனவர் பாதியில் விட்ட கடிதம் ராத்திரிக்கு ஒரு வரியாக வளர்ந்தால், நீங்கள் பயப்படுவீர்களா, சந்தோஷப்படுவீர்களா?

டெனிஸ் முதலில் சந்தோஷப்பட்டான்.

அவனும் ஸ்ரீவத்சனும் ஆறு வருடமாக ஒரு இலவச எடிட்டர் மென்பொருளைக் கவனித்துவந்தார்கள். கட்டுரையோ கடிதமோ, யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம். பகலில் சரிசெய்த கோளாறுகளையெல்லாம் சேர்த்து, ராத்திரி இரண்டு மணிக்கு எடிட்டர் தானாகவே புதிதாக உருவாகும். அதைத்தான் பில்ட் என்பார்கள். ஒரே ஒரு கோளாறை மட்டும் டெனிஸ் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான். சேமிப்பதற்குள் லேப்டாப் அணைந்தால், எழுதியது போய்விடும்.

"அதை சரி பண்ணுடா. நம்ம எடிட்டர்லயே என் லெட்டர் காணாம போச்சுன்னா ஊரே சிரிக்கும்," என்றான் ஸ்ரீவத்சன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு.

"நாளைக்கு பில்ட்ல போட்டுடறேன் மச்சான்."

அன்று ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்ரீவத்சன் மூச்சுத் திணறி இறந்தான். மனைவி ரேஷ்மாவுக்கு அவன் எழுதிக்கொண்டிருந்த கடிதம், சார்ஜ் தீர்ந்த லேப்டாப்போடு போனது.

இப்போது அந்த லேப்டாப் இரும்புலியூரில் டெனிஸின் அறையில் இருந்தது. கோளாறைச் சரிசெய்துவிட்டு, ஒவ்வொரு புது பில்டையும் அதில் ஓட்டிக் கடிதத்தை மீட்கப் பார்த்தான். முதல் ராத்திரி "ரேஷ்மாவுக்கு" என்ற ஒரு சொல் மட்டும் வந்தது. அடுத்த ராத்திரி ஒரு வரி. ரேஷ்மாவுக்குப் போனில் படித்துக்காட்டினான்.

"அவர் பேசற மாதிரியே இருக்கு அண்ணா. முழுசா எடுத்துக் குடுங்க."

பன்னிரண்டாம் ராத்திரி, ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகள் போகும் அதிர்வில் ஜன்னல் கம்பி முனகிக்கொண்டிருக்க, மூடிய அறைக்குள் எங்கிருந்தோ டெட்டால் வாசனை மெல்ல ஏறி, கூடவே ஈரத்துணியின் வாடையும் சேர்ந்து அவன் தொண்டையில் நின்றபோது, புது வரி வந்தது.

"டெனிஸ் ரூம்ல ஃபேன் ரொம்ப சத்தம் போடுது."

அந்த ஃபேனை அவன் வாங்கியது போன வாரம்தான்.

அடுத்த ராத்திரி வந்த வரி ரேஷ்மாவுக்கு அல்ல.

"ஒவ்வொரு பில்டுக்கும் என்னை அந்த ராத்திரிக்கே கூட்டிட்டுப் போற. ரெண்டு மணிக்கு மறுபடியும் மூச்சு நிக்குது. நிறுத்துடா மச்சான்."

காலையில் ரேஷ்மாவுக்குப் போன் செய்தான். அந்த வரியை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

"போதும் ரேஷ்மா. இதோட விட்டுடலாம்."

"கடைசியா எனக்குன்னு அவர் ஒண்ணுமே சொல்லலையே அண்ணா. இன்னும் ஒரே ஒரு ராத்திரி."

அந்தக் கடிதம் தொலைந்ததே தன்னால்தான். எந்த முகத்தோடு மாட்டேன் என்பது? சரி என்றான்.

இரண்டு மணி. ஃபேனை அணைத்திருந்தான். லாரிகள் இல்லை. ஆனாலும் சத்தம் கேட்டது. ஒரு இழுப்பு. நிறுத்தம். இன்னொரு இழுப்பு. லேப்டாப்பில் இருந்து அல்ல. முதுகுக்குப் பின்னால். அவன் கட்டிலில் இருந்து. கட்டில் கிரீச்சிட்டது. யாரோ எழுந்து உட்காரப் பார்க்கிறார்கள். முடியவில்லை. டெனிஸ் திரும்பவில்லை. திரையில் வரி வரியாக ஒரே வாக்கியம். மூச்சு விட முடியல. மூச்சு விட முடியல. பக்கம் நிறைந்து, அடுத்த பக்கம்.

காலை ஏழு மணிக்கு ரேஷ்மா போன் செய்தாள். நல்லா இருக்கேன், நீ அழாதேன்னு எழுதியிருக்கான் என்றான் டெனிஸ். அவள் வெகுநேரம் அழுதாள். இன்னும் கொஞ்சம் வரும் இல்ல அண்ணா என்று கேட்டாள். வரும் என்றான்.