சங்குக்கு முன் எரியும் அடுப்பு

அந்த இடத்தில் ராஜசிங் நிறுத்தியிருக்கக் கூடாது.

தொடர்கதையில் கஞ்சத்தனம் பிடித்த தாய்மாமன் ஒருவன், கல்யாணப் பந்தியில் பரிமாறிய அப்பளத்தைச் சட்டைப் பைக்குள் ஒளித்துவைக்கிறான். அந்த வரியை வாசித்ததும் ராஜசிங் பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமலே நிறுத்தினார். பக்கத்தில் இருக்கும் ஒருவர் வாய்விட்டுச் சிரித்து ஓய எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தார். தானும் லேசாகச் சிரித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனார்.

ஞானஜோதி சிரிக்கவே இல்லை. அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணமாகி நாரணாபுரத்துக்குக் குடிவந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் இது நடக்கிறது. மிஷன் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி முடித்ததும் ராஜசிங் விருதுநகர் பஸ்ஸில் வரும் வாரப் பத்திரிகையை வாங்கி வருவார். விளக்கேற்றியபின் அவள் சமைப்பாள். அவர் அடுப்படி வாசலில் பலகையைப் போட்டு உட்கார்ந்து சத்தமாக வாசிப்பார். புதுக் கதை என்றால் அவருக்கு நாக்குத் தடுமாறும். வரி எங்கே போய் முடியும் என்று தெரியாமல் குரல் தப்பான இடத்தில் ஏறிவிடும், பிறகு "சே" என்று முதலிலிருந்து தொடங்குவார். அந்தத் தடுமாற்றம்தான் ஞானஜோதிக்குப் பிடித்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முதல் தடவையாகக் கேட்கிறோம் என்பதற்கு அது அடையாளம். குழந்தை இல்லாத வீட்டில் அவளுக்கென்றே இருந்த ஒன்று அது.

இன்றைக்கு அவர் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

"இத முன்னாடியே யாருக்கும் வாசிச்சிட்டீகளா?" என்று கேட்டாள்.

அவர் இரண்டு பேருக்குள் மட்டும் இருக்கும் ஒரு விளையாட்டைப் பற்றிக் கேட்டுவிட்டதுபோல அவளைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவள் நெஞ்சுக்குள் முள்ளாக இறங்கியது. அது அவளுக்கானது இல்லை. அவளுக்கு அப்படித் தெரிந்தது.

அன்று படுத்தபிறகும் அவள் அந்த நிறுத்தத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நேரம் சிரிப்பவள் யார்? அவளே ஒரு காலத்தில் அப்படிச் சிரித்தவள்தான். போன கோடையில் கிணறு வற்றத் தொடங்கியதிலிருந்து, சாயந்தரம் முழுக்க தண்ணீர் வரிசையில் நின்று இடுப்பு ஒடிந்து வருகிறவளுக்கு, எந்தக் கதையைக் கேட்டாலும் கொட்டாவிதான் வந்தது. அவரும் "ஜோதி" என்று கூப்பிடுவதை எப்போதோ விட்டுவிட்டு "இங்க பாரு" என்று கூப்பிடப் பழகியிருந்தார்.

அந்தத் தெருவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வீடுகளுக்குப் பின்னால் வேட்டுக் கம்பெனியின் களம். பட்டாசுத் திரிகளும் மருந்து தடவிய குழாய்களும் வெயிலில் காய்கிறவரைக்கும் எந்த வீட்டிலும் அடுப்பு எரியக் கூடாது. காலைச் சமையலை வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். சாயந்தரம் சரக்கை உள்ளே எடுத்து வைத்தபின் கம்பெனிச் சங்கு ஊதும். அதற்கப்புறம்தான் தீக்குச்சியையே கையில் எடுப்பார்கள். களத்துக் காவல்காரர் ஆண்டிச்சாமி, தெருவில் பீடி நெருப்பைக் கண்டால்கூட வீட்டு வாசலில் வந்து நிற்பார்.

அதனால்தான் அடுத்த வெள்ளிக்கிழமை, இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடங்களைச் சுமந்து தெருவுக்குள் திரும்பியபோது, அவள் கால் தானாக நின்றது. சங்கு இன்னும் ஊதவில்லை. வழக்கமான கந்தக வாசனையும் வீடுகளில் தீப்பெட்டி ஒட்டும் பசையின் புளித்த நெடியும் அசையாமல் நின்ற காற்றில், எங்கிருந்தோ கடுகும் உளுந்தும் நல்லெண்ணெயில் பொரிந்து கறிவேப்பிலை சடசடக்கும் மணம் மெல்லிய நூலாக இழைந்து வந்தது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டே அவள் நடந்தாள். அது அவள் வீட்டு வாசலில் போய் முடிந்தது.

உள்ளே ராஜசிங்கின் குரல் வாசித்துக்கொண்டிருந்தது. அவள் காலடி கேட்டதும் நின்றது.

குடத்தை இறக்காமலே அடுப்படிக்குள் போனாள். யாரும் இல்லை. குடங்களை இறக்கிவிட்டு, அடுப்புக்குள் கையை விட்டுச் சாம்பலை அளைந்தாள். சில்லென்று இருந்தது. ஆனால் வாசல் ஓரத்தில் பலகை கிடந்தது. அதில் கை வைத்தாள். சூடு இருந்தது.

முன்னறையில் அவர் நாற்காலியில் இருந்தார். "என்ன, கதவுக்குப் பின்னாலெல்லாம் தேடுற?" என்றார்.

"ஒண்ணுமில்ல."

மறுநாள் காலையில் சாப்பிடும்போது அவராகவே சொன்னார். "நேத்து அந்த அவரைக்காய்ப் பொரியல் நல்லாருந்துச்சு. இன்னொரு தடவ வையேன்."

அவள் பொரியல் வைக்கவில்லை. வைத்தது புளிக்குழம்பும் சுட்ட அப்பளமும். அவரைக்காய் இன்னும் கொடியில்தான் நிற்க வேண்டும். குளித்த தண்ணீரையும் அரிசி கழுவிய தண்ணீரையும் சேர்த்துவைத்து ஊற்றி அவள் வளர்த்த பந்தல் அது. முதல் காய் ஞாயிற்றுக்கிழமைக்கு என்று விட்டுவைத்திருந்தாள். ஓடிப்போய்ப் பார்த்தாள். கொத்துக் கொத்தாகக் காம்பு மட்டும் நின்றது. நகத்தால் கிள்ளியிருந்தார்கள், செடிக்கு நோகாமல், அவள் கிள்ளுவது மாதிரியே.

பந்தலுக்கு அந்தப் பக்கம் வேலி. வேலிக்கு அப்பால் வள்ளித்தாயின் பின்கட்டு. இருபத்திரண்டு வயது. நாள் முழுக்க வீட்டிலிருந்து தீப்பெட்டி ஒட்டுகிறவள். எதற்கெடுத்தாலும் சத்தமாகச் சிரிப்பவள். ஞானஜோதி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கழுத்தை, பசை காய்ந்த அந்த விரல்களை, ஒரு நாளும் வாடாத அந்தக் கனகாம்பரத்தை. பிறகு வேலியைச் சுற்றிக்கொண்டு போனாள்.

"வள்ளித்தாய், நெசத்தச் சொல்லு. சாயந்தரம் எங்க வீட்டுக்கு வாறியா?"

"நானா? இந்தப் பெட்டிய ஒட்டி முடிக்கவே பொழுது பத்தல. எதுக்கு கேக்கீக?"

"அவரு வாசிக்கையில ஒரு பொம்பள சிரிக்கா."

வள்ளித்தாய் பசைக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "நீங்கதான் சிரிக்கீக. இங்கன உக்காந்தா உங்க அடுப்படி சன்னல் நேராத் தெரியுதுல்லா. கல்யாணமாயி இம்புட்டு வருசங் கழிச்சும் ரெண்டு பேரும் அப்படிச் சிரிக்கீகளேன்னு எனக்கு வயிறு எரியும். எங்க வீட்டு ஆளு வந்ததும் குப்புற விழுந்து கொறட்ட விடுவாரு."

"நான் அந்நேரம் கெணத்துக்குல்ல போறேன்."

"நீங்க எங்க போறீக? அதுக்குத்தான் ஒரு பிள்ளைய வச்சிருக்கீகளே. நானே கேக்கணும்னு இருந்தேன், எந்த ஊருப் பிள்ள அது? மூஞ்சி உங்க சாடதான். என்ன, கொஞ்சம் வத்தல்." அவள் சிரித்தாள். பிறகு குரலைத் தணித்தாள். "சங்குக்கு முன்ன அடுப்பு எரியுதே, அத மட்டும் பாத்துக்கங்க வாத்தியாரம்மா. நான் சொல்ல மாட்டேன். ஆண்டிச்சாமி அண்ணன் கண்ணுல பட்டா வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவாரு."

ஞானஜோதி வீட்டுக்குத் திரும்பினாள். பகலெல்லாம் அடுப்படியை ஒவ்வொரு மூலையாகத் தேடினாள். அம்மியடியில் நீளமாக ஒரு தலைமுடி கிடைத்தது. மோந்து பார்த்தாள். அவள் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்தான்.

யாராவது ஒருத்தி இருந்திருந்தால் தேவலை. மயிரைப் பிடித்து இழுத்துத் தெருவில் தள்ளியிருக்கலாம். அவரிடம் அழுதிருக்கலாம். பாதிரியாரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். தன் சிரிப்பைத் தன் புருஷனிடம் சிரிக்கிறவளைப் பற்றி யாரிடம் போய் என்ன சொல்வது?

அந்த வாரம் முழுக்க அவர் சந்தோஷமாக இருந்தார். சாயந்தரங்களில் விசிலடித்தார். இரவில் அவள் பக்கம் திரும்பாமல் தூங்கினார், எல்லாம் பேசி முடித்துவிட்டவர்போல.

வெள்ளிக்கிழமை வந்தது. கிணற்றடியில் நல்ல கூட்டம். அவள் முறை வந்தபோது கயிற்றைப் பிடித்திருந்த அய்யம்மாள், அவளைத் தாண்டி அடுத்தவளிடம் கயிற்றைக் கொடுத்தாள்.

"என் மொறல்ல இது?"

"ஏத்தா, நீ வாத்தியார் வீட்டுக்குத் தண்ணி எடுக்குற பிள்ளதானே? ஒதுங்கி நில்லு. வீட்டுக்காரிக மொதல்ல மொண்டுக்கிடட்டும்."

"நாந்தான் வாத்தியார் வீட்டுக்காரி."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஆசையப் பாரு இவளுக்கு," என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

அவள் குடத்தை அங்கேயே போட்டுவிட்டு நடந்தாள். தெரு வழியாகப் போகவில்லை. களத்து வேலியை ஒட்டி, வீடுகளின் பின்பக்கமாகப் போனாள். வெயில் இறங்கி வானம் பழுப்பாகியிருந்தது. களத்தில் சாக்கை உதறும் சத்தம் தூரத்தில் கேட்டது. தோட்டத்துக்குள் நுழைந்து பந்தலுக்குக் கீழே நின்றாள்.

தாளிக்கும் வாசனை.

அடுப்படிச் சன்னல் திறந்திருந்தது. கம்பிகளுக்கு அப்பால் தீ ஆடியது. வாசலில் பலகை. பலகையில் அவர். மடியில் இன்றைய பத்திரிகை. புதிது. அவர் தடுமாறித் தடுமாறி வாசித்தார். குரல் தப்பாக ஏறியது. "சே" என்றார்.

அவளுக்கென்றே இருந்த அந்தத் தடுமாற்றம்.

அடுப்புக்கு முன்னால் ஒருத்தி. முதுகு மட்டும் தெரிந்தது. பச்சைக் கண்டாங்கிச் சேலை. கல்யாணமான வருஷம் அவர் எடுத்துக் கொடுத்தது. கிழிந்து, கரித்துணியாகி, எப்போதோ எரிந்துபோன சேலை.

"ஜோதி, இதக் கேளு," என்றார் அவர்.

வாசித்தார். நிறுத்தினார். அவள் சிரித்தாள். முழுதாக. நீளமாக.

ஞானஜோதி பின்கதவைத் தள்ளினாள். உள்ளே தாழ்ப்பாள். தட்டினாள். இரண்டு கையாலும் தட்டினாள்.

"யாரோ கதவத் தட்டுறாகளே," என்றார் அவர்.

"தண்ணி கொண்டாற பிள்ளதான். தொட்டியில ஊத்திட்டுப் போவா. நீங்க வாசிங்க."

அவள் குரல். ஞானஜோதியின் குரல்.

"பாவம், அவளயும் உள்ள கூப்பிடேன். ஒக்காந்து கேட்டுட்டுப் போகட்டும்."

"அவளுக்கு எங்க இதெல்லாம் பிடிக்கும்? கொட்டாவி விடுவா."

இருவரும் சிரித்தார்கள்.

ஞானஜோதி சன்னலுக்கு ஓடினாள். கம்பியைப் பிடித்தாள். "என்னங்க" என்று கூப்பிட்டாள்.

சத்தம் வரவில்லை.

மறுபடியும் கூப்பிட்டாள். மூச்சு நெஞ்சு வரைக்கும் வந்தது. அங்கேயே முட்டியது.

அடுப்படியில் இருந்தவள் திரும்பினாள்.

ஞானஜோதியின் அதே முகம். தீ வெளிச்சத்தில் சிவந்து, வியர்த்து, நிறைந்த முகம். முன்பல்லில் ஞானஜோதிக்கு இருக்கும் அதே சிறு உடைசல். அவள் எழுந்து சன்னலருகே வந்தாள். குனிந்து, குழந்தையைப் பார்ப்பதுபோல இரக்கமாகப் பார்த்தாள்.

"என்ன ஜோதி, நிறுத்தட்டுமா?" என்று பலகையிலிருந்து அவர் கேட்டார்.

"ம்ஹும். வாசிங்க."

உள்ளே இருந்தவள் சன்னல் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். இடுக்கில் ஒரு கோடு வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. அந்தக் கோட்டில் ஞானஜோதி தன் கையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

உதடு இருந்த இடத்தைத் தொட்டாள்.

தோல். கன்னத்திலிருந்து கன்னம் வரைக்கும் ஒரே தோல். வழவழவென்று, குடத்தின் வயிறுபோல.

உள்ளே பக்கம் புரண்டது. அவர் வாசித்தார். அவள் சிரித்தாள்.