துபாயில் நின்ற கிரேன்

"ஐயோ... உள்ள ஆளு!"

சித்தாள் கலாராணி அலறிய அலறலில் கையிலிருந்த சாந்துச் சட்டி உருண்டது!

இலங்கை மலையகத்தின் எல்ல நகரில் இரண்டு வருடமாகப் பாதியில் நின்ற ஹோட்டல். அன்று காலைதான் மறுபடி வேலை தொடங்கியிருந்தது. தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால்...

எலும்புக்கூடு!

சட்டைப் பை அடையாள அட்டையில் காவல்காரன் விஜேந்திரன். கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று ஊரே நம்பிய ஆள். பக்கத்தில் ஒரு மேசன் கரண்டி. பிடியில் 'சி' என்று செதுக்கியிருந்தது.

மேசன் சிவஞானத்தின் கரண்டி!

இன்ஸ்பெக்டர் ஷஹீலா விலங்கை எடுத்தாள்.

"உங்களோடதுதானே ஐயா?"

"ஆமா. வேலைய நிப்பாட்டுன அன்னிக்கு ஸ்டோர்ல போட்டேன். சாவி காண்ட்ராக்டர் தொரைகிட்ட."

காண்ட்ராக்டர் இரகுநாதன் சிரித்தான்.

"கிழவன் புளுகுறான் மேடம்! விஜேந்திரன் காணாமப் போனது ரெண்டாயிரத்து இருபத்திரண்டு ஜூலையில. நான் அப்ப துபாய்ல!"

அறுபத்தெட்டு வயதுச் சிவஞானத்துக்குக் காக்கிச் சட்டையையும் பிடிக்காது, மடிப்புக் கலையாத சட்டையையும் பிடிக்காது. இரண்டையும் முறைத்தார்.

"மாட்டுங்க மேடம், பயமில்ல. முன்னுக்கு ஒரு கேள்வி. தொரை... துபாய்ல அப்ப கட்டட வேலையெல்லாம் எப்படி?"

"எங்க வேலை? இங்க மாதிரியேதான் படுத்துருச்சு. கிரேன் எல்லாம் அசையாம நின்னுச்சு. ஆளுகளப் பொட்டி கட்டி அனுப்புனானுக!"

மடுல்சீமைத் தேயிலைத் தோட்ட லயத்துக்காரரான சிவஞானம் வெற்றிலைச் சாற்றைத் துப்பினார்.

"அது ரெண்டாயிரத்து ஒம்பது தொரை! பொட்டி கட்டுனதுல நானும் ஒருத்தன். வந்து பாத்தா இங்க யுத்தம் முடிஞ்சு, ரோட்டு, பாலம்னு மேசனுக்குக் கையே பத்தல! இருபத்திரண்டுல அப்படியே தலைகீழு. இங்க சீமெந்து மூட்டை மூவாயிரம். சைட்டெல்லாம் சாத்தியாச்சு. அங்க? ஆளு காணாது, ஆளு பத்தாதுன்னு கூப்புட்டான்! ஹல்துமுல்லையில இருந்து மட்டும் பதினாலு மேசன் பிளேன் ஏறுனானுக!"

இரகுநாதன் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"தேத்தண்ணி நேரத்துல நான் சொன்ன கதையத்தானே ஒப்பிக்கிறீங்க? வருசத்தக் கேக்க மறந்துட்டீங்களே! நம்ம நாடு விழுந்தா எல்லா நாடும் கூடவே விழுமாக்கும்?"

இரகுநாதனின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

"பாஸ்போர்ட்டக் காட்டுங்க!" ஷஹீலா கையை நீட்டினாள்.

ஓடினான்!

கலாராணி மம்பட்டிக் காம்பைக் குறுக்கே நீட்டினாள். காண்ட்ராக்டர் மணல் குவியலில் குப்புற விழுந்தான்.

"கம்பி வெல மூணு மடங்காச்சு... சைட் கம்பியக் களவா வித்தேன்... விஜேந்திரன் பாத்துட்டான்... கைல கெடச்சது ஸ்டோர்ல கெடந்த அந்தக் கரண்டி..."

க்ளிக்! விலங்கு இரகுநாதன் கைக்கு மாறியது.

"மன்னிச்சுக்கங்க ஐயா," என்றாள் ஷஹீலா.

"மன்னிப்ப வச்சு நான் செவரா கட்டப்போறேன்? கெழவன்னா, லயத்தான்னா உடனே வெலங்கு! இனியாவது கேட்டுட்டு மாட்டுங்க."

ஜீப் கிளம்பப் போனது. சிவஞானம் ஜன்னலில் தட்டினார்.

"யோசிக்காதீங்க தொரை! எத்தன நெருக்கடி வந்தாலும் கம்பி வேலை பூராவும் முடிஞ்ச கட்டடம் ஒண்ணு பதுளையில இருக்கு... உக்காந்து கம்பி எண்ணலாம், வாடகையும் கேக்க மாட்டானுக!"