எதிர்ப்பக்கம் ஆடிய நாரே

சியோலில் அன்று மாதக் கடைசி. பயிற்சிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மாதக் கடைசி என்றால் தேர்வு. பாடி ஆடி மேடையேறும் கனவோடு வந்த இருபது பேரும் காலையிலிருந்து மூலைக்கு மூலை ஆடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பன்னிரண்டு வயது தாசோமுக்கு ஜோடி, அவளைவிட ஒரு வயது இளைய நாரே. போன மாதம் நாரேவுக்குத்தான் எல்லோரையும்விடக் குறைந்த மதிப்பெண். இந்த மாதமும் தேறாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்த ஊரான ஜேஜு தீவுக்கே திரும்ப வேண்டியதுதான். போதாத குறைக்கு, காய்ச்சலில் ஒரு வாரம் படுக்கையில் கிடந்துவிட்டு அன்றுதான் வந்திருந்தாள்.

"ஆட்டம் தெரியுமில்ல?" என்று தாசோம் கேட்டாள்.

"தூக்கத்துல எழுப்பினாக்கூட ஆடுவேன்க்கா."

ஆடினாள். தாசோம் வலப்பக்கம் தாவ, நாரே இடப்பக்கம் தாவ, இரண்டு நெற்றிகளும் 'டங்' என்று மோதிக்கொண்டன.

விஷயம் உடனே புரிந்துவிட்டது. ஆசிரியை பியோ அனுப்பும் வீடியோவில் அவர் நம்மைப் பார்த்து ஆடுவார். அதனால் வீடியோவை முதலில் இடவலமாகத் திருப்பிவிட்டுத்தான் எல்லோரும் பழகுவார்கள். காய்ச்சல் மண்டையோடு நாரே அதை மறந்துவிட்டாள். வலது கை தூக்க வேண்டிய இடத்திலெல்லாம் இடது கை. மற்றபடி ஆட்டம் அத்தனை சுத்தம்.

தேர்வுக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது.

"நீங்க டீச்சர்கிட்ட சொல்லிட்டுத் தனியா ஆடுங்கக்கா. என்னால உங்க மார்க்கும் போயிடும்," என்றாள் நாரே. கண்ணில் நீர் முட்டியது.

தனியாக ஆடுவது சுலபம்தான். தாசோமுக்கு ஒரு நொடி ஆசைகூட வந்தது. அப்படி ஆசைப்பட்டதற்கு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"அழாம என் எதிர்ல வந்து நில்லு. எங்கெங்க மாத்தலாம்னு பாப்போம்."

எதிரெதிரே நின்று மெதுவாக ஆடினார்கள். தாசோம் வலது கையை நீட்டினாள். நாரே இடது கையை நீட்டினாள். இரண்டு உள்ளங்கைகளும் நடுவில் 'பட்' என்று சேர்ந்தன.

தாசோம் அப்படியே நின்றுவிட்டாள்.

"நீ ஒண்ணையும் மாத்தாதே. இப்படியே ஆடிடுவோம்."

"தேர்வைப் படம் பிடிக்கற காமிராவைப் பாத்துத்தான் ஆடணும்னு சொல்லியிருக்காங்களே அக்கா?"

"திட்டு விழுந்தா ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கிக்கலாம்."

தேர்வில் எதிரெதிரே நின்று ஆடினார்கள். கண்ணாடிக்கு முன்னால் ஒருத்தி ஆடுவது போலவே இருந்தது. பாட்டு முடிந்ததும் பியோ இன்னொரு முறை ஆடச் சொன்னார். ஆடினார்கள்.

"அந்தக் கைதட்டல் நான் சொல்லிக்குடுக்கலையே," என்றார்.

தாசோம் வாயைத் திறப்பதற்குள் நாரே முந்திக்கொண்டு நடந்ததை அப்படியே ஒப்பித்தாள். பியோ பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து அந்தக் கூடத்தில் யாரும் பார்த்ததில்லை.

"திருப்ப மறந்ததுக்கு ரெண்டு மார்க் குறைச்சிட்டேன். இருந்தாலும் நல்லாவே தேறிட்டே. பெட்டியைக் கட்டிடாதே."

மறு வாரம் புதிய ஆட்டத்துக்கு வீடியோ வந்தது. யாரிடமும் சொல்லாமல், பாதிப் பேர் அதைத் திருப்பாமலே பழகிவிட்டு வந்தார்கள். அன்று அந்தக் கூடத்தில் மோதாத நெற்றியே இல்லை.