எர்ரர் வந்த மத்தியானம்

"ஆ...!"

துர்காவின் அலறல் கம்பெனி முழுக்கக் கேட்டது. களிமண் அரைக்கிற மில் அப்போதுதான் நின்றிருந்தது. ஓடிக்கொண்டிருந்தால் யாருக்கும் கேட்டிருக்காது.

டீ குடிக்கப் போனவர்கள் திரும்பி ஓடி வந்தார்கள்.

முதலாளி கோவிந்தராசு தன் அறையில், சுழல் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. பின்மண்டையில் ரத்தம்!

காலடியில் ஒரு பீங்கான் இன்சுலேட்டர். கரண்ட் கம்பத்தில் மாட்டுகிற ரகம். அவர் கம்பெனியிலேயே வார்த்து, அவர் சூளையிலேயே சுட்டது.

அதில் ஒரு கீறல்கூட இல்லை. தயாரிப்பு அவ்வளவு தரம்.

சாயங்காலத்துக்குள் மில் ஓட்டும் காத்தவராயனை ஜீப்பில் ஏற்றினார்கள். கர்ப்பமாக இருந்த அவன் மனைவி பாஞ்சாலையை முதலாளி வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார். அன்று காலையில்தான் காத்தவராயன் அவர் அறை வாசலில் நின்று, "மண்டையப் பொளந்துடுவேன்!" என்று கத்தியிருந்தான்.

மண்டை பொளந்திருந்தது. போலீசுக்கு வேறென்ன வேண்டும்?

"நான் மில்லாண்டதான் இருந்தேன்" என்றான் அவன்.

"யாரு பாத்தா?"

யாரும் பார்க்கவில்லை. மண்ணைக் கொட்டி சுவிட்சைப் போட்டுவிட்டால் மில் பாட்டுக்கு ஓடும்.

---

இரண்டு நாள் கழித்து, விருத்தாசலம் பாலக்கரையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்த ஷமீருக்கு போன் வந்தது. அவன் கம்பெனி வாசலில் பைக்கை நிறுத்தியபோது கேட்டோரம் பாஞ்சாலை நின்றிருந்தாள். இரண்டு நாளாக அங்கேதான் நிற்கிறாள் என்றார் வாட்ச்மேன்.

உள்ளே இன்ஸ்பெக்டர் அம்சவல்லி காத்திருந்தாள்.

"கம்ப்யூட்டர் பாய் நீங்கதானா?"

"ஷமீருங்க மேடம். பாய்னு கூப்பிட்டா எங்க அத்தாதான் திரும்பிப் பாப்பாரு."

அம்சவல்லி சிரிக்கவில்லை.

"காத்தவராயன் ஒத்துக்க மாட்டேங்கிறான். மத்தவங்கல்லாம் அப்ப எங்க இருந்தாங்கன்னு கோர்ட்டுல கேப்பாங்க. அதுக்கு இந்தப் பொட்டியில சாட்சி இருக்குதாம். எடுக்கலாம்னு பாத்தா எர்ரர் வருது."

"என்ன எர்ரருங்க?"

பதில் துர்காவிடமிருந்து வந்தது. ஆபீஸ் கணக்குகளைப் பார்ப்பவள். மடித்த கைக்குட்டை, அழுது வீங்கிய முகம்.

"டிஸ்க் ஆர் நெட்வொர்க் எர்ரர்னு வருது ஷமீர். ஒரு நேரம் நல்லா இருக்குது. ஒரு நேரம் வுட்டுடுது. புது கேபிள் போடுங்கன்னு சார்கிட்ட எத்தினியோ தடவ சொன்னேன்..."

கைக்குட்டையை இன்னொரு மடிப்பு மடித்தாள்.

பக்கத்து சீட்டில் பிரவீன்குமார். இறந்தவரின் அக்கா மகன். ஆர்டர்களைப் பதிவு செய்வது அவன் வேலை.

"நானும் துர்காவும் இந்த ரூம வுட்டு நவுரவே இல்ல மேடம். மத்தியானம் பூரா ஆர்டர் அடிச்சிட்டு இருந்தேன். ஒவ்வொண்ணுலயும் என் பேரும் நேரமும் பதிவாயிருக்கும்."

ஷமீர் துர்காவின் சீட்டில் உட்கார்ந்தான்.

ஆர்டர்கள் மொத்தமும் இருந்தது முதலாளி அறையில் உள்ள பெரிய மெஷினில். அது முற்றத்துக்கு அந்தப் பக்கம். இந்த இரண்டு மெஷின்களும் இந்தப் பக்கம். நடுவில் மில் ஷெட். ஒரே ஒரு கேபிள் அதன் சுவரோரமாகப் போய் இரண்டு பக்கத்தையும் இணைத்தது.

ஷமீர் ஆர்டர் புரோகிராமைத் திறந்தான்.

திறந்தது. எர்ரரைக் காணோம்!

"நல்லாத்தானே இருக்குது?"

"நீங்க வந்தா அப்படித்தான். டாக்டரப் பாத்ததும் ஜுரம் வுட்டுடுற மாதிரி" என்றாள் துர்கா.

கொலை நடந்த மத்தியானத்தின் ஆர்டர்களை ஷமீர் பிரிண்ட் எடுத்தான். எல்லாவற்றிலும் பிரவீன்குமார் பெயர். சாப்பாட்டுக்கும் டீக்கும் இடைப்பட்ட நேரம். டாக்டர் சொன்ன மரண நேரமும் அதுதான்.

பிரவீன்குமார் பெருமூச்சு விட்டான்.

"சரி. நான் கெளம்பறேன்" என்று அம்சவல்லி எழுந்தாள்.

வெளியே மில் உறுமத் தொடங்கியது. முதலாளி செத்தாலும் சூளையை அணைக்க முடியாது. சூளைக்கு மண் வேண்டும்.

ஷமீர் புரோகிராமை மூடப் போனான்.

டிங்!

'டிஸ்க் ஆர் நெட்வொர்க் எர்ரர்.'

"வந்துட்டியா!" என்றான் ஷமீர். காதலியைப் பார்த்தவன் போல முகம் மலர்ந்தது.

"இருங்க மேடம். கொஞ்ச நேரம்."

முதலாளி மெஷினுக்கு இங்கிருந்து சிக்னல் போகிறதா என்று பார்த்தான். ஒன்றும் திரும்பி வரவில்லை. கேபிள் முனையை வெட்டிப் புதிதாக மாட்டினான். ஊஹூம். இரண்டு மெஷினுக்கும் கேபிளைப் பிரித்துக் கொடுக்கிற டப்பாவை மாற்றினான். அதிலும் பச்சை விளக்கு எரியவில்லை.

கேபிளைப் பிடித்துக்கொண்டே நடந்தான். மில் ஷெட்டுக்குள் போனான். சுவரில் கையை வைத்தான்.

சுவர் கிடுகிடுவென்று அதிர்ந்தது.

அந்தச் சுவரில், கைக்கெட்டும் உயரத்தில், கேபிளின் நடுவே ஒரு ஒட்டு! யாரோ முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள்.

"அண்ணே, மில்ல நிறுத்துங்க!"

நிறுத்தினார்கள். ஓடிப் போய்ப் பார்த்தான். பச்சை விளக்கு.

"போடுங்க!"

அணைந்தது.

இன்னொரு தடவை நிறுத்தச் சொன்னான். எரிந்தது. போடச் சொன்னான். இருட்டு!

இத்தனை நாள் வந்து வந்து போன பேயைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் ஷமீர் சிரித்தான்.

பிறகு சிரிப்பு மெல்ல நின்றது.

கையிலிருந்த பிரிண்டைப் பார்த்தான். கேட்டோரம் வெயிலில் நின்றவளைப் பார்த்தான்.

"மேடம்... கொலை நடந்தன்னிக்கு மத்தியானம் மில்லு ஓடுச்சா?"

அம்சவல்லி ஃபைலைப் புரட்டினாள்.

"சாப்பாட்டுலேர்ந்து டீ வரைக்கும் நிக்காம ஓடியிருக்குது. மில்லு சத்தத்துல சார் ரூம்லேர்ந்து ஒண்ணும் கேக்கலன்னு துர்காவே எழுதிக் குடுத்திருக்காங்க. ஏன்?"

"மில்லு ஓடுனா துர்கா, பிரவீன்குமார் ரூம்லேர்ந்து ஒரு எழுத்துகூட அடிக்க முடியாதுங்க."

"அடிச்சிருக்குதே!"

"அடிச்சிருக்குது. ஆனா அந்த நேரத்துல வேலை செஞ்ச கீபோர்டு ஒண்ணே ஒண்ணுதான்."

"எது?"

"செத்தவரு மேஜையில இருக்கறது."

அம்சவல்லி ஃபைலை மூடினாள்.

---

"பிரவீன்குமார்! உங்க மாமா பொணத்தப் பக்கத்துல வச்சிக்கிட்டு ஆர்டர் அடிச்சிருக்கீங்க. நல்ல உழைப்பாளி!"

பிரவீன்குமாரின் உதடு வெளுத்தது.

"மேடம்... சத்தியமா... நான் அன்னிக்கு மத்தியானம் கம்பெனியிலயே இல்ல!"

"என்னது?"

"ஜங்ஷனுக்குப் போயிருந்தேன். நான் விரும்பற பொண்ணு பூர்ணிமாவ ரயிலேத்தி வுட. அவ வூட்டுக்கும் மாமாவுக்கும் ஆகாது. தெரிஞ்சா என்னை வெளிய தள்ளிடுவாரு. அதான் பொய் சொன்னேன்... டிக்கெட் குடுத்தவரு, டீக்கடைக்காரரு, யாரை வேணா கேளுங்க!"

"அப்ப உங்க பேருல ஆர்டர் அடிச்சது யாரு?"

பிரவீன்குமார் மெல்லத் திரும்பினான்.

எல்லோரும் திரும்பினார்கள்.

துர்கா கைக்குட்டையை இன்னும் சின்னதாக மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான்தாங்க மேடம்" என்றாள் நிதானமாக. "போயிட்டு வா, உன் பேருல நானே அடிச்சி வைக்கறேன்னு சொன்னேன். பாவம், சின்னப் புள்ள ஆசை. என் சீட்டுலேர்ந்துதான் அடிச்சேன். இது ஒரு குத்தமா?"

"உங்க சீட்டுக்கும் அதே கேபிள்தாங்க" என்றான் ஷமீர்.

வெளியே மில் நின்றது.

அந்த அமைதியில் துர்காவின் மூச்சு பெரிதாகக் கேட்டது.

"புது டிசைன் படத்தயெல்லாம் எதிர் கம்பெனிக்குக் குடுத்தேன்" என்றாள் கடைசியில். "சார் கண்டுபிடிச்சிட்டாரு. எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்குது மேடம். கருவேப்பிலங்குறிச்சியில எங்க அப்பா ஊரு பூரா பத்திரிகை வச்சிட்டாரு. கால்ல வுழுந்தேன். உங்கப்பன்கிட்டயே சொல்றேன்னு அவரு ரிசீவர எடுத்தாரு..."

"நீ?"

"நான் கைக்குக் கெடச்சத எடுத்தேன்."

பிரவீன்குமார் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"அதுக்கப்புறம் எதுக்கு ஆர்டரு?"

"நான் ரூம்லயே இருந்தேன்னு இவன் சாட்சி சொல்லணும். இவன் பொய் சொல்லணும்னா இவன் பேருல வேலை நடந்திருக்கணும். என் சீட்டுல உக்காந்தேன். பாழாப்போன எர்ரரு வந்துது. எப்ப எர்ரர் வந்தாலும் சார் மெஷின்ல போய்த்தான் அடிப்போம். அந்தப் பழக்கம்..."

"சாரு?"

"நாற்காலிக்குச் சக்கரம் இருக்குது. ஓரமாத் தள்ளிட்டு அடிச்சேன்."



---

சாயங்காலம் காத்தவராயன் ஸ்டேஷன் படியிறங்கினான். பாஞ்சாலை எதிரே வந்தாள். இரண்டு நாள் அழாதவள் இப்போது அழுதாள். அழுதுகொண்டே அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"இனிமே மண்டையப் பொளக்கறேன்னு சொல்லுவியா?"

"தலைவலின்னுகூட சொல்ல மாட்டேன்."

இருவரும் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்கள். அவன் அவள் பையை வாங்கிக்கொண்டான்.

பார்த்துக்கொண்டிருந்த ஷமீர் பைக்கை உதைத்தான்.

"மேடம், நாளைக்கு வந்து அந்த கேபிள மாத்திடவா?"

"தொடாதீங்க! அதுதான் இந்தக் கேசுல என்னோட முக்கிய சாட்சி."

"அது வுட்டு வுட்டுத்தான் பேசும் மேடம்."

அம்சவல்லி முதன்முறையாகச் சிரித்தாள்.

"பரவால்ல. மத்த சாட்சிங்க அதுவும் பேச மாட்டாங்க!"